ரசத்தில் நுரை வரலாம்... கடலில் வரலாமா?

"ரசம் கொதிக்கக் கூடாது. நுரை கட்டி வந்ததும் இறக்கிடு!" சமையல் பழகும் பிள்ளைகளுக்கு அம்மாக்கள் சொல்லும் முதல் பாடங்களில் ஒன்று இது. ஃபில்டர் காபியை டபராவுக்கும் டம்ளருக்கும் தூக்கி ஆற்றுவது சூடு தணிய மட்டுமா? மேலே நுரை நிற்க வேண்டுமே! திரவத்துக்குள் காற்று மாட்டிக்கொண்டு குமிழ் குமிழாகத் திரண்டால் அது நுரை. மூச்சுக்காற்று நிரம்பும் உறுப்புக்கு நுரையீரல் என்பது பொருத்தமான பெயர்தான். மெத்தைக் கடைக்குப் போனால் மட்டும் நுரை 'ஃபோம்' ஆகிவிடுகிறது.

களைப்புக்கும் இதே சொல்தான். பாரம் இழுக்கும் மாட்டுக்கு நுரை தள்ளும். மாசக் கடைசியில் நமக்கும்!

துணி துவைக்கும்போதுதான் நுரை நம்மை ஏமாற்றுகிறது. பொங்கப் பொங்க நுரை வந்தால்தான் அழுக்கு போகும் என்று நினைக்கிறோம். உண்மையில் அழுக்கை எடுப்பது நுரை அல்ல. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடு சேரும். மறுமுனை எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துக்கொள்ளும். அப்படித்தான் அழுக்கு தண்ணீரோடு போகிறது. முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷினுக்கு நுரை குறைவாக வரும் பவுடரைத்தான் போடச் சொல்கிறார்கள். துணி அதில் வெளுக்காமலா இருக்கிறது?

போர் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது. அதிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள்தான் காரணம். நுரை வரவில்லையே என்று இன்னும் ஒரு கை பவுடரை அள்ளிப் போடுகிறோம். அது எங்கே போகிறது?

2019 கடைசியில் சென்னைக் கடற்கரையில் அதைப் பார்க்க முடிந்தது. கனமழைக்குப் பிறகு மெரினா, பட்டினப்பாக்கம் பக்கமெல்லாம் வெள்ளை வெளேரென்று நுரை. குழந்தைகள் அள்ளி வீசி விளையாடினார்கள், பெரியவர்கள் செல்ஃபி எடுத்தார்கள். மழைவெள்ளம் அடித்துவந்த சுத்திகரிக்காத கழிவுநீரும், அதில் கலந்திருந்த சோப்புக் கழிவும்தான் காரணம் என்று பிறகு சொன்னார்கள். தோலில் படுவது நல்லதல்ல என்ற எச்சரிக்கையும் வந்தது. ஓசூர் கெலவரப்பள்ளி அணைப்பக்கம் போனால், பெங்களூரு பக்கமிருந்து வரும் கழிவால் தென்பெண்ணை ஆறே பல முறை நுரைத்து ஓடியிருக்கிறது.

எல்லாக் கடல்நுரையும் விஷமல்ல. பாசிகள் மட்கினாலும் அலையில் நுரை வரும். ஆனால் எது எந்த நுரை என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதனால் மழைக்காலத்தில் பீச்சுக்குப் போனால், திட்டுத் திட்டாக நுரை ஒதுங்கியிருக்கும் இடத்தில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். தெரியாமல் கால் நனைத்துவிட்டால், வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.