முதுநிலைப் படிப்புக்கு வெளிநாடு செல்வோர்: தொடர் சிகிச்சையில் உள்ள மாணவர்களும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

பருத்திப்பட்டிலும் ஆவடி–பூவிருந்தவல்லி சாலையை ஒட்டிய பிற பகுதிகளிலும் பட்டப்படிப்பை முடித்த இளைஞர்கள் பலர் முதுநிலைப் படிப்புக்காக வெளிநாடு செல்கின்றனர். சேர்க்கைக் கடிதம், கல்விக் கடன், விசா ஆகியவற்றுக்காக மாதக்கணக்கில் ஆயத்தமாகும் குடும்பங்கள், உடல்நலத்தைப் பற்றிப் பெரும்பாலும் பயணத்துக்கு முந்தைய வாரத்தில்தான் எண்ணுகின்றன. நீரிழிவு, ஆஸ்துமா, வலிப்பு, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு போன்றவற்றுக்குத் தொடர்ந்து மருந்து எடுத்துக்கொள்ளும் மாணவர்களுக்கு அந்த ஒரு வாரம் போதாது. குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்பே உங்கள் மருத்துவரைச் சந்திப்பது நல்லது.

நோயை மறைக்க வேண்டுமா?

புறநோயாளர் பிரிவில் பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “நோய் இருப்பதை எழுதாமல் சான்றிதழ் தர முடியுமா, டாக்டர்?”

அந்த அச்சம் புரிந்துகொள்ளத்தக்கது. ஆனால், கட்டுப்பாட்டில் உள்ள நீரிழிவோ ஆஸ்துமாவோ தைராய்டு குறைபாடோ மாணவர் விசாவுக்குப் பொதுவாகத் தடையாவதில்லை. விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் முதன்மையாகத் தேடப்படுவது காசநோய். ஆஸ்திரேலியா, கனடா போன்ற சில நாடுகளில் நீண்டகாலச் சிகிச்சைச் செலவும் கருத்தில் கொள்ளப்படுகிறது. கேட்ட கேள்விக்குப் பொய்யான விடை அளித்தால் அதுவே விசா மறுக்கப்படக் காரணமாகலாம்.

மறைப்பதால் வரும் பெரிய கேடு உடலுக்குத்தான். விடுதித் தோழர்களுக்கும் அங்குள்ள மருத்துவருக்கும் தெரியக்கூடாது என்று மருந்தை நிறுத்தும் மாணவர்கள் உண்டு. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் நீண்ட நேரம் நிற்காத வலிப்பு வரலாம். முதல் வகை நீரிழிவில் இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம்.

நம் ஊர் மாணவர் ஒருவரின் வரலாறு

கணித மேதை இராமானுஜன் 1914 மார்ச்சில் சென்னையிலிருந்து கப்பலேறி, கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். போர்க்காலத் தட்டுப்பாட்டுக்கு இடையே சைவ உணவைத் தாமே சமைத்து உண்டு, குளிரிலும் தனிமையிலும் வாழ்ந்தார். 1917இல் நோயுற்றார். அங்குள்ள மருத்துவர்கள் பெரிதும் காசநோய் என்று கருதியே சிகிச்சை அளித்தனர். 1919இல் தாயகம் திரும்பிய அவர், 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில், தமது 32ஆம் வயதில் காலமானார். இங்கிலாந்து செல்வதற்கு முன்பே அவருக்குச் சீதபேதி வந்திருந்தது. அதன் தொடர்ச்சியாகக் கல்லீரலில் ஏற்பட்ட அமீபா தொற்றே அவருடைய நோயாக இருந்திருக்கலாம் என்று 1994இல் ஆய்வாளர் ஒருவர் ஆராய்ந்து எழுதினார். இது உறுதிசெய்யப்பட்ட முடிவன்று. எனினும், ஊரில் வந்த பழைய நோய்கூட அயல்நாட்டு மருத்துவருக்கு முக்கியமான தடயமாகலாம் என்பதை இது நினைவூட்டுகிறது.

மருத்துவச் சுருக்கம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள்

உங்கள் மருத்துவரிடம் ஒரு பக்க அளவில் ஆங்கிலத்தில் மருத்துவச் சுருக்கம் கேட்டுப் பெறுங்கள். அதில் நோயின் பெயர், அது கண்டறியப்பட்ட ஆண்டு, அறுவை சிகிச்சைகள், ஒவ்வாமை, அண்மைய பரிசோதனை முடிவுகள், தற்போதைய மருந்துகளும் அவற்றின் அளவும் இடம்பெற வேண்டும். கடவுச்சீட்டில் உள்ளவாறே பெயர் எழுதப்பட வேண்டும்.

மருந்துகளை வணிகப் பெயரில் அன்றி, மூலப்பெயரில் எழுதச் சொல்லுங்கள். நம் ஊர் வணிகப் பெயர்கள் பல அங்கே அறியப்படாதவை. சில மருந்துகளுக்கு மூலப்பெயரே நாட்டுக்கு நாடு மாறும். நாம் பாராசிட்டமால் என்பதை அமெரிக்காவில் அசெட்டமினோஃபென் என்றும், சால்பியூட்டமாலை ஆல்பியூட்டரால் என்றும் அழைக்கின்றனர்.

மருந்துகளை எடுத்துச் செல்லும்போது

• சட்டம் அனுமதிக்கும் அளவில் ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கான மருந்தை எடுத்துச் செல்லுங்கள். செல்லும் நாட்டின் விதியை முன்கூட்டியே சரிபாருங்கள்.
• மருந்துகளை அவற்றின் அசல் அட்டையிலேயே வைத்து, மருந்துச் சீட்டுடன் கைப்பையில் கொண்டு செல்லுங்கள்.
• குளோனசிபாம் போன்ற தூக்க, பதற்ற மருந்துகள், டிரமடால் போன்ற வலி மருந்துகள் ஆகியவற்றுக்குப் பல நாடுகளில் தனிக் கட்டுப்பாடு உண்டு. மருத்துவரின் கடிதமின்றி இவற்றைக் கொண்டு செல்லாதீர்கள்.
• தீர்ந்ததும் ஊரிலிருந்து கூரியரில் அனுப்பிக்கொள்ளலாம் என்று நம்பியிருக்காதீர்கள். சுங்கத்தில் தடுத்து வைக்கப்படலாம். நம் ஊர் மருந்துச் சீட்டுக்கு அங்குள்ள மருந்தகங்கள் பொதுவாக மருந்து தருவதில்லை. எனவே, சென்று சேர்ந்த முதல் இரண்டு வாரங்களுக்குள் அங்கே ஒரு மருத்துவரிடம் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இன்சுலின் போடுவோர் கட்டாயம் அறிய வேண்டியது

இந்தியாவில் குப்பியில் கிடைக்கும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகுகள் கொண்டது. அதற்கென உள்ள சிரிஞ்சின் மூடி சிவப்பு நிறத்தில் இருக்கும். மேலை நாடுகளில் பொதுவாகக் கிடைப்பது ஒரு மில்லிலிட்டருக்கு 100 அலகுகள் கொண்ட இன்சுலின். ஊரிலிருந்து கொண்டு சென்ற 40 அலகு சிரிஞ்சில் அங்கு வாங்கிய 100 அலகு இன்சுலினை எடுத்தால், 20 அலகு என்று நினைத்துப் போடுவது உண்மையில் 50 அலகாகிவிடும். இரண்டரை மடங்கு இன்சுலின் உயிருக்கே ஆபத்தானது. எனவே, புறப்படும் முன்பே மருத்துவரின் அறிவுரைப்படி 100 அலகு இன்சுலின் பேனாவுக்கு மாறி, ஊரிலேயே பழகிக்கொள்வது பாதுகாப்பானது.

இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் வைக்காதீர்கள். அங்குக் கடுங்குளிரில் அது உறைந்து பயனற்றுப்போகக்கூடும். மேற்கு நோக்கிப் பறக்கையில் அன்றைய பொழுது நீளும். கிழக்கு நோக்கிப் பறக்கையில் அது குறுகும். பயண நாளில் எந்த நேரத்துக்கு எவ்வளவு போடுவது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை திடீரெனக் குறைந்தால் உண்பதற்குக் குளுக்கோஸ் அல்லது இனிப்பைக் கைப்பையில் வைத்திருங்கள்.

தடுப்பூசியும் காசநோய்ப் பரிசோதனையும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்குமான தடுப்பூசியை இரண்டு தவணை போட்டதற்குச் சான்று கேட்கின்றன. நம் அரசுத் திட்டத்தில் தரப்படும் தடுப்பூசியில் பொன்னுக்கு வீங்கி சேர்வதில்லை. எனவே, குழந்தைப் பருவத் தடுப்பூசி அட்டை முழுமையாக இருந்தாலும் இது விடுபட்டிருக்கலாம். இரு தவணைகளுக்கு இடையே குறைந்தது 28 நாள் இடைவெளி தேவை. கருவுற்றிருப்போரும் நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்போரும் இதைப் போட்டுக்கொள்ளக் கூடாது.

பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு மேல் தங்குவோர், அந்நாடு ஏற்றுள்ள மையத்தில் காசநோய்ப் பரிசோதனை செய்து சான்று பெற வேண்டும். அந்தச் சான்று ஆறு மாதங்களுக்கே செல்லும். சில பல்கலைக்கழகங்கள் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் பரிசோதனையைக் கேட்கும். பிறந்தபோது பி.சி.ஜி. தடுப்பூசி போட்டவர்களுக்கு, நோய் இல்லாவிட்டாலும் அதில் தடிப்புத் தோன்றக்கூடும். இத்தடுப்பூசியால் பாதிக்கப்படாத இரத்தப் பரிசோதனை ஒன்று உள்ளது. அதைக் கேட்டுப் பெறலாம்.

காசநோய் உறுதியானாலும் கனவு முடிந்துவிடுவதில்லை. அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். சாதாரண வகைக் காசநோய் ஆறு மாதச் சிகிச்சையில் குணமாகும். சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்கப் பல்கலைக்கழகத்திடம் கேட்கலாம். இருமலை மறைத்துக்கொண்டு பயணம் செய்வது உங்களுக்கும் உடன் தங்குவோருக்கும் தீங்கு.

காப்பீடு: கையெழுத்திடும் முன் படியுங்கள்

பிரிட்டனில் மாணவர்கள் விசா விண்ணப்பத்துடன் சுகாதாரக் கட்டணமாக ஆண்டுக்கு 776 பவுண்டு செலுத்துகின்றனர். இது 2024 பிப்ரவரி முதல் உள்ள கட்டணம். இதைச் செலுத்தியவர்கள் அந்நாட்டுப் பொது மருத்துவச் சேவையைப் பயன்படுத்தலாம். இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்குத் தனிக் கட்டணம் உண்டு. மருந்து எடுக்கும் நீரிழிவு, தைராய்டு குறைபாடு, வலிப்பு ஆகியவை உள்ளவர்கள் விலக்குச் சான்று பெறலாம்.

ஆஸ்திரேலியாவில் மாணவர் காப்பீடு கட்டாயம். ஆனால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 12 மாதங்கள் வரை காத்திருப்புக் காலம் உண்டு. ஜெர்மனியில் பொதுக் காப்பீட்டின் மாணவர் கட்டணம் பொதுவாக 30 வயது வரைதான். கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறும். அமெரிக்காவில் பல்கலைக்கழகத்தின் திட்டத்தையும், வெளியில் மலிவாக விற்கப்படும் பயணக் காப்பீட்டையும் ஒன்றெனக் கருதாதீர்கள். பயணக் காப்பீடுகள் பலவும் ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தருவதில்லை.

மனநலம்

புதிய ஊர், குறுகிய பகல், பகுதிநேர வேலை, கடன் சுமை, கேலியாகிவிடுமோ என்ற தயக்கம் ஆகியவை ஒன்றுசேர்ந்து மனத்தை அழுத்தலாம். இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, வகுப்புக்குச் செல்ல இயலாமை ஆகியவை இருந்தால் பல்கலைக்கழக மனநல ஆலோசகரை அணுகுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் காத்திருக்காமல் உடனே அவசர உதவியை நாடுங்கள்.

அவசர உதவி எண்கள்: அமெரிக்கா, கனடா 911, பிரிட்டன் 999, ஆஸ்திரேலியா 000, ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 112.

வீட்டில் இருப்போர் செய்ய வேண்டியவை

பிள்ளையிடம் தொலைபேசியில் “சாப்பிட்டாயா?” என்று கேட்பதுடன், “மருந்து எத்தனை நாளுக்கு இருக்கிறது?” என்றும் கேளுங்கள். மருத்துவச் சுருக்கத்தின் படி ஒன்றை நீங்களும் வைத்திருங்கள். மதிப்பெண்ணையும் கடன் தவணையையும் மட்டுமே பேசும் அழைப்புகளில், உடல்நிலை சரியில்லை என்று சொல்லப் பிள்ளைகள் தயங்குவார்கள்.

உங்கள் உடல்நலமும் இதில் அடங்கும். மகனோ மகளோ வாங்கித் தந்த மாத்திரையை நம்பியிருந்த பெற்றோர், அவர்கள் சென்றபின் சிகிச்சையை விட்டுவிடுவதுண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகள் இல்லத்துக்கே வந்து வழங்கப்படுகின்றன. அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். பொது மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

நாட்பட்ட நோயுடன் மேற்படிப்பை முடித்துத் திரும்பியவர்கள் பலர். மருந்தைத் தொடர்வதும், உரியவரிடம் உண்மையைச் சொல்வதும் அதற்கு முதல் தேவை. பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் வாருங்கள்.