பைப் இசைக் குழு மாணவியர்: இசை தயார், உடைக்கு வழியென்ன?

புது தில்லி: 2025-ஆம் ஆண்டு குடியரசு தின அணிவகுப்பின்போது, குடியரசுத் தலைவரின் மேடைக்கு எதிரே பைப் இசைத்த மாணவியர், ஜார்க்கண்ட் மாநிலம் பட்டம்டாவில் உள்ள கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயாவைச் சேர்ந்தவர்கள். தாழ்த்தப்பட்ட, பழங்குடியின, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மை மற்றும் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களின் பெண்களுக்காக 2004-இல் தொடங்கப்பட்ட உண்டு உறைவிடப் பள்ளிகள் இவை. வசதி படைத்த தனியார் பள்ளிகள் மட்டுமே கோலோச்சிய இசைத் துறையில் அரசுப் பள்ளிகளும் இடம் பிடித்துவிட்டன. ஆனால், உடைச் செலவு இன்னமும் அவர்களுக்குத் தடையாகவே உள்ளது.

பைப் இசைக் குழுவின் மரபு உடை, ஸ்காட்லாந்தின் 'கில்ட்'. முன்புறம் தட்டையாகவும் பின்புறம் கொசுவ மடிப்புகளுடனும் அமையும் இந்தக் கட்டம் போட்ட உடைக்கு மரபுப்படி 8 கஜம் கம்பளித் துணி தேவை. ஸ்காட்லாந்தில் கையால் தைக்கப்படும் ஒரு கில்ட்டின் விலை பல நூறு பவுண்டுகள்.

மலிவான கில்ட்டுகளை உலகெங்கும் அனுப்பி வருவது பாகிஸ்தானின் சியால்கோட் நகரம். புல்வாமா தாக்குதலையடுத்து 2019 பிப்ரவரியில் பாகிஸ்தான் பொருள்களுக்கு 200 சதவீத இறக்குமதி வரி விதிக்கப்பட்டது. பஹல்காம் தாக்குதலுக்குப் பின், 2025 மே 2 முதல் இறக்குமதிக்கே தடை வந்தது. இனி உள்நாட்டில் தைப்பதே வழி.

கைகொடுக்கும் கணக்கு

இதற்கான துணி நம் நாட்டிலேயே உண்டு. ராஜஸ்தானின் பில்வாராவில் நெய்யப்படும் பாலியஸ்டர்-விஸ்கோஸ் துணி, கம்பளியைவிட மலிவு, துவைப்பதும் எளிது. சிறுமியருக்கு 8 கஜம் தேவையில்லை. 5 கஜமே போதும். அகலமான துணியை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, இணைப்பை மடிப்புக்குள் மறைத்துவிட்டால், ஒருவருக்கு இரண்டரை கஜமே செலவாகும். 25 பேர் கொண்ட குழுவுக்குச் சுமார் 63 கஜம். சாயம் மாறாதிருக்க, முழுத் துணியையும் ஒரே தொகுப்பில் வாங்க வேண்டும். கட்டங்களை ஒன்றோடொன்று பொருத்தும் வேலையும் சேதாரமும் வேண்டாமென்றால், ஒற்றை நிறத் துணியையே தேர்ந்தெடுக்கலாம். அயர்லாந்துப் படைப்பிரிவுகளின் பைப் இசைக் கலைஞர்கள் அணிவது காவி நிறக் கில்ட்டுகளே.

துணியில் மிச்சப்படுத்தலாம், அளவில் மிச்சப்படுத்த முடியாது. கால்சட்டை அளவைக் கொண்டு கில்ட் தைப்பதே பெரும் பிழை. கில்ட் தொப்புள் மட்டத்தில் நிற்கும் உடை. இடுப்பு, அதன் கீழ்ச் சுற்றளவு, இடுப்பிலிருந்து முழங்காலின் நடுப்பகுதி வரையிலான நீளம் ஆகிய மூன்றையும் ஒவ்வொருவருக்கும் அளந்தாக வேண்டும். ஒருவரின் உடை தொங்கினாலும் அணிவகுப்பின் வரிசையே கலைந்ததுபோல் தோன்றும்.

வளரும் பிள்ளைகளுக்கு மூன்று அங்குலம் உள்மடிப்பு விட்டுத் தைத்தால், ஆண்டுதோறும் இறக்கிக் கொள்ளலாம். பக்கவாட்டுத் தோல் பட்டைகள் இடுப்பளவை ஓரிரு அங்குலம் கூட்டவும் குறைக்கவும் உதவும். உடையை மாணவியரின் சொத்தாக்காமல் பள்ளியின் இருப்பாக வைத்து, எண்ணிட்டு வழங்கினால், ஒரு முறை செய்யும் செலவு பல அணிகளுக்குப் பயன்படும்.

அரசு என்ன செய்கிறது?

சமக்ர சிக்ஷா திட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை சீருடைக்கென ஒரு மாணவிக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் ரூ.600 வழங்கப்படுகிறது. அதில் இரண்டு சீருடைகள் தைக்க வேண்டும். இசைக் குழு உடைக்கு அதில் ஏது மிச்சம்? பாதுகாப்பு, கல்வி அமைச்சகங்கள் இணைந்து நடத்தும் தேசிய பள்ளி இசைக் குழுப் போட்டியில் 2025-இல் முதல் பரிசு ரூ.21,000. 25 பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு ரூ.840.

வரியும் கவனிக்கத்தக்கது. 2025 செப்டம்பர் 22 முதல் ரூ.2,500 வரையிலான ஆயத்த ஆடைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு மேல் 18 சதவீதம். ரூ.3,000 விலையுள்ள கில்ட்டுக்கு வரி மட்டும் ரூ.540. ஒரு மாணவியின் ஓராண்டுச் சீருடைத் தொகையை ஏறக்குறைய அந்த வரியே விழுங்கிவிடும்.

ஏழைப் பெண்களின் இசையைத் தலைநகருக்கு அழைத்துவந்து பெருமை கொள்ளும் அரசு, போட்டிக்குத் தேர்வாகும் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறை உடை மானியம் வழங்கினால் என்ன? பாதுகாப்புத் துறையின் ஒதுக்கீட்டில் அது கடலில் கரைத்த பெருங்காயமே. அந்த மாணவியருக்கோ, மற்ற அணிகளுக்கு இணையாகத் தலைநிமிர்ந்து நிற்கும் வாய்ப்பு.