மூச்சு விடாத பிராணி!

சால்மன் மீனை அறுக்கிறார்கள். சதைக்குள் வெள்ளை வெள்ளையாக மணிகள் தெரிகின்றன. அசல் ஜவ்வரிசி!

மீனுக்குள் ஜவ்வரிசி ஏது? அவை ஒட்டுண்ணிகள் குடியிருக்கும் கட்டிகள். வட அமெரிக்காவில், பசிபிக் கடல் ஓரத்தில், இதற்கு "ஜவ்வரிசி நோய்" என்றே பெயர். அந்த மீனைத் தின்றால் மனிதனுக்குக் கெடுதல் இல்லை. ஆனாலும், கண்ணால் பார்த்த பிறகு யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

இரண்டு கண், இரண்டு வால்

இந்த ஒட்டுண்ணியின் பெயர் ஹென்னெகுயா. இதன் உடம்பில் 10 செல்கள்கூட இல்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், இரட்டை வால் முளைத்த தவளைக் குஞ்சு போல இருக்கும். தலையில் இரண்டு கண்கள் தெரியும்.

அவை கண்கள் அல்ல, சிறு கூடுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நூல் சுருண்டு கிடக்கிறது. சமயம் வந்ததும் அது வெளியே பாய்ந்து பற்றிக்கொள்ளும்.

ஜெல்லி மீன் கொட்டுவதும் இதே போன்ற கூடுகளால்தான். (தமிழ்நாட்டு மீனவர்கள் "சொறி" என்பார்களே, அதுதான் ஜெல்லி மீன்.) அப்படியானால் இரண்டும் உறவா?

உறவுதான்! உயிர்களின் உடம்பை உருவாக்கும் குறிப்பு, டி.என்.ஏ. என்ற இழையில், நான்கே எழுத்துகளில் எழுதப்பட்டு இருக்கிறது. ஹென்னெகுயாவின் இனத்தைச் சேர்ந்த குடோவா என்ற ஒட்டுண்ணியின் எழுத்துகளை, அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் அவர்களுடைய கூட்டாளிகளும் படித்தார்கள். 2015-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ஜெல்லி மீனின் குடும்பம் என்பது உறுதி ஆயிற்று.

ஜெல்லி மீனுக்கு 30 கோடி எழுத்துகளுக்கு மேல் உண்டு. குடோவாவுக்கு 2 கோடியே 25 லட்சம்தான்! மீதி எங்கே? வீட்டோடு மாப்பிள்ளைக்கு அடுப்பும் சட்டியும் எதற்கு? மீனுக்குள் குடியேறிய பிறகு, தேவை இல்லாததை எல்லாம் இந்த இனம் தலைமுறை தலைமுறையாக இழந்துவிட்டது.

காணாமல் போன ஏடு

ஹென்னெகுயா அதையும் மிஞ்சிவிட்டது.

செல்லுக்குள் மைட்டோகாண்டிரியா என்ற அடுப்பு இருக்கிறது. சுவாசிக்கும் பிராணவாயுவைக் கொண்டு உணவை எரித்து, சக்தி தருவது அதுதான். அதற்கென்று தனியாக ஒரு சிறு டி.என்.ஏ. ஏடு உண்டு.

இஸ்ரேலில் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொரோத்தே ஹுஷோன் என்ற பெண் விஞ்ஞானியின் குழுவினர், ஹென்னெகுயாவின் எழுத்துகளைப் படித்தார்கள். அந்த ஏட்டைக் காணோம்! படித்ததில் தவறா?

டி.என்.ஏ.வில் ஒட்டி ஒளிரும் சாயத்தை ஏற்றிப் பார்த்தார்கள். சால்மனில் வாழும் வேறு ஒரு ஒட்டுண்ணியில், செல்லின் கருவும் ஒளிர்ந்தது. கருவுக்கு வெளியே புள்ளி புள்ளியாகவும் ஒளிர்ந்தது. ஹென்னெகுயாவில் கரு மட்டுமே ஒளிர்ந்தது. படித்ததில் தவறு இல்லை.

பிராணவாயுவைச் சுவாசிக்காமல் வாழும் பிராணி! 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் செய்தி வெளிவந்தது. எல்லாப் பிராணிகளும் சுவாசிக்கும் என்று பாடப் புத்தகத்தில் படித்தவர்கள் திகைத்தார்கள். மீனின் உடம்பில் தயாராக இருக்கும் சத்தை இது திருடிப் பிழைக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் கருத்து.

வாய் போயிற்று. வயிறு போயிற்று. நரம்பு போயிற்று. மூச்சும் போயிற்று. ஆனால், பாட்டன் சொத்தான அந்த இரண்டு கூடுகளை மட்டும் ஹென்னெகுயா இன்னும் விடவில்லை.