பென்சிலுக்கு என்ன அவசரம்?

3 வயசாகியும் பிள்ளை ‘அ’ எழுதவில்லையே என்று கவலைப்படுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். பிறக்கும்போது மணிக்கட்டில் இருப்பது பெரும்பாலும் குருத்தெலும்புதான். அங்குள்ள 8 எலும்புகளும் ஒவ்வொன்றாக உருவாகி முடிய ஏறக்குறைய 12 வயசாகும். 3 வயசில் இரண்டு, மூன்றுதான் தோன்றியிருக்கும். அந்தக் கையை அதட்டி எழுத வைத்தால் கை சோர்ந்துபோகும். பள்ளிக்கூடம் என்றாலே அழுகை வரும்.

பதிலாக, சப்பாத்தி மாவை உருட்டட்டும். ஈர மணலில் விரலால் கோடு இழுக்கட்டும். கீரை ஆயும்போது பக்கத்தில் உட்கார்ந்து இலைகளைக் கிள்ளி எண்ணட்டும். விரலும் பலப்படும், கணக்கும் வரும்.

இந்த வயசுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து தினமும் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலையில் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். சித்த மருத்துவம் உடம்பையும் மனசையும் பிரித்துப் பார்ப்பதில்லை. பசியும் தூக்கமும் தீர்ந்த பிள்ளைக்குத்தான் பாடம் ஏறும்.