பாட்டி நகைக்கு 'பாலீஷ்' போடப் போகிறீர்களா? உஷார்!

பளபளப்பு கூடும், பவுன் குறையும்!

சென்னை நகரில் காலை 11 மணிக்கு மேல், ஆண்கள் ஆபீசுக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகுதான் 'பாலீஷ்' ஆசாமிகள் தெருவுக்குள் நுழைவார்கள். பெரும்பாலும் இரண்டு பேர். தோளில் ஒரு பை. பேச்சில் தேன்!

"அம்மா, பித்தளை விளக்கு, வெள்ளிக் கொலுசு இருந்தா குடுங்க. கம்பெனி விளம்பரம். காசு ஒண்ணும் வேண்டாம்" என்பார்கள்.

கறுத்துக் கிடந்த கொலுசு கண்ணெதிரே பளிச்சென்று ஆகும். வீட்டுக்காரம்மா மயங்கும் நேரம் அதுதான்.

"கழுத்துல இருக்கிறதும் மங்கிப் போச்சேம்மா" என்று அடுத்த தூண்டில் விழும்.

சங்கிலி கைமாறும். ஒரு திரவத்தில் முக்குவார்கள். "கொஞ்சம் வெந்நீர் கொண்டாங்க" என்று அம்மாவை நைசாக உள்ளே அனுப்புவார்கள். பிறகு மஞ்சள் தண்ணீர் நிறைந்த டப்பாவைக் கையில் கொடுத்து, "அரை மணி கழிச்சுத் திறங்க" என்று சொல்லிவிட்டுக் கம்பி நீட்டுவார்கள்.

திறந்து பார்த்தால் சில வீடுகளில் சங்கிலியே இருக்காது. சில வீடுகளில் சங்கிலி இருக்கும், எடை இருக்காது!

ராஜ திராவகம்

அந்தத் திரவத்தின் ரகசியம் என்ன?

நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் தனித்தனியே தங்கத்தை ஒன்றும் செய்யாது. இரண்டும் சேர்ந்தால் 'ராஜ திராவகம்'. தங்கத்தையே கரைத்துவிடும். கரைந்த தங்கத்தைத் திரவத்திலிருந்து திரும்பப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு பவுன் என்பது 8 கிராம். ஐந்து பவுன் சங்கிலியில் அரைப் பவுன் கரைந்தால் 4 கிராம் போச்சு. கண்ணால் பார்த்தால் தெரியாது. தராசுக்குத்தான் தெரியும்.

பணம் போனது ஒரு பக்கம். பாட்டியின் தாலிக்கொடி என்றால், அந்தப் பழைய வேலைப்பாட்டை எந்தக் கடையில் போய் வாங்குவது?

வீட்டிலேயே சுத்தம் செய்யலாம்

கல் வைக்காத கெட்டித் தங்கத்துக்கு 'பாலீஷ்' ஆசாமியே தேவையில்லை. பூந்திக்கொட்டையை ஊறவைத்த தண்ணீர், ஒரு மெல்லிய பிரஷ், துடைக்கப் பழைய மல்துணி. இது போதும். பல் பொடி, பற்பசை போட்டுத் தேய்க்கக் கூடாது. கீறல் விழும்.

கல் நகை என்றால் கதை வேறு. பழைய வைரத் தோடு, கெம்பு அட்டிகை பலவற்றில் கல்லின் பின்பக்கம் மூடியிருக்கும். கல்லுக்கு அடியில் மெல்லிய தகடும் அரக்கும் வைத்திருப்பார்கள். தண்ணீரில் ஊறவைத்தால் ஈரம் உள்ளே போய்க் கல் மங்கிவிடும். வெந்நீர் பட்டால் அரக்கு இளகும். இந்த நகைகளைத் துணியால் துடைத்தாலே போதும்.

பரத நாட்டியத்துக்குப் போடும் நாகர்கோவில் வடசேரி கோவில் நகைகளில் வெள்ளியின் மேல் தங்க ரேக்கு ஒட்டிக் கெம்புக் கல் பதிப்பது வழக்கம். அழுத்தித் தேய்த்தால் ரேக்கு போய், உள்ளே இருக்கும் வெள்ளி பல்லைக் காட்டும்!

முத்து சுண்ணாம்புச் சத்தால் ஆனது. புளி, எலுமிச்சம்பழம் பட்டால் அரித்துவிடும். சென்ட் அடித்து, பவுடர் போட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் முத்து மாலையைப் போட வேண்டும். கழற்றும்போது அதுதான் முதலில். கோத்த நூல் தளர்ந்தால் உடனே மாற்றிக் கோக்க வேண்டும்.

மரகதப் பச்சைக்கல்லில் உள்ள விரிசலை மறைக்க எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். வெந்நீரும் சோப்பும் அந்த எண்ணெயை எடுத்துவிடும்.

வைரம் தங்கத்தைக் கீறும். மற்றக் கற்களையும் கீறும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டி வைப்பது தப்பு. ஒவ்வொன்றுக்கும் தனித் துணி. வெள்ளிச் சாமானை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டவே கூடாது. ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும்.

இன்னொன்று: தோட்டின் திருகாணி மரை தேய்ந்திருக்கிறதா, சங்கிலியின் கொக்கியும் வளையமும் மெலிந்திருக்கின்றனவா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். திருடன் வராமலேயே நகை தொலைவது இப்படித்தான்!

முத்திரை இல்லையே?

"பழைய நகைக்கு 'ஹால்மார்க்' இல்லை, செல்லாது" என்று பயமுறுத்தி, அழித்துப் புது நகை செய்யச் சொல்பவர்களும் உண்டு.

தங்கத்துக்கு ஹால்மார்க் முத்திரை வந்ததே 2000-ல்தான். 2023 ஏப்ரல் 1 முதல் 6 இலக்க அடையாள எண் இல்லாமல் கடைக்காரர்கள் ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. அது விற்கிறவர்களுக்கான சட்டம். வீட்டில் இருக்கும் பாட்டி நகையை வைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. தரம் தெரிய வேண்டுமானால், அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். அழித்தால் வேலைப்பாடும் போகும். புது நகைக்குச் செய்கூலி, சேதாரமும் கொடுக்க வேண்டும்.

லாக்கரில் வைத்தால் கவலை இல்லையா?

பாங்கு லாக்கரிலும் ஒரு விஷயம் உண்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி 2022 ஜனவரி முதல், தீ, திருட்டு, கட்டிடம் இடிதல், ஊழியர் மோசடி இவற்றால் லாக்கர் பொருள் போனால், பாங்கின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு. வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். உள்ளே இருந்தது அதற்கு மேல் என்றால், மீதி?

ஆகவே ஒவ்வொரு நகையையும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, எடை, கல் எண்ணிக்கை, யார் கொடுத்தது என்று ஒரு சீட்டில் எழுதி வைப்பது நல்லது. பங்கு பிரிக்கும்போதும் சண்டை வராது. போலீசில் புகார் கொடுக்கவும் உதவும்.

பாலீஷ் போட்டே ஆக வேண்டும் என்றால், தெரிந்த பத்தரிடம் பட்டறைக்கே போக வேண்டும். கொடுக்கும்போது ஒரு எடை. வாங்கும்போது ஒரு எடை. வேலை முடியும்வரை எதிரிலேயே உட்கார வேண்டும். நல்ல பத்தர் அதற்குக் கோபிக்க மாட்டார்.

வாசலில் வந்து "இலவசம்" என்பவரிடம் கதவைத் திறக்காமலே சொல்லலாம்: "எங்க வீட்டு நகை மங்கலாவே இருக்கட்டும், போய்யா!"

அப்படியும் நகராமல் நின்றால், போலீசுக்கு 100 போட்டால் போதும்.