முதலும் நாணயமும்

ஆதாயத்தோடு நட்டத்தையும் தன் பொறுப்பில் ஏற்றுப் புதிதாக ஒரு தொழிலைத் தொடங்கி நடத்துபவரே தொழில்முனைவோர் எனப்படுகிறார். அவர் வெற்றி பெற என்ன வேண்டும் என்ற கேள்விக்குத் துணிவு, விடாமுயற்சி, தன்னம்பிக்கை என்று பதில் சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் சிறு உழவர்களும் பனியன் கம்பெனித் தொழிலாளர்களும் ஓரிரு தலைமுறைக்குள் ஏற்றுமதியாளர்களாக மாறிய திருப்பூரின் வரலாறு, அந்தப் பதில் எவ்வளவு மேலோட்டமானது என்பதைக் காட்டிவிடுகிறது.

ஒரு பனியன் பெரும்பாலும் ஒரே கூரையின்கீழ் உருவாவதில்லை. நூலைத் துணியாக்கும் நிட்டிங், சாயமிடும் டையிங், துணியின் சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங் என ஒவ்வொன்றும் தனித்தனிப் பட்டறைகளில் ‘ஜாப் ஒர்க்’காக, அதாவது பிறர் சரக்குக்குக் கூலிக்கு வேலை செய்து தரும் முறையில் நடைபெறுவதால், முழு ஆலை கட்டும் வசதி இல்லாதவரும் சில இயந்திரங்களோடு ஏதேனும் ஒரு படியில் நுழைய முடிந்தது. கைமடிக்கும் வேலையில் தொடங்கி டெய்லராகி, கட்டிங் மாஸ்டராகி, கான்ட்ராக்ட் எடுத்து, பின்னர் உறவினரோடு பங்கு சேர்ந்து கம்பெனி தொடங்கியவர்கள் பலர்.

இந்த ஏணியில் ஏறியவர்களுக்குக் கிடைத்த முதன்மையான தகுதி, கையால் அறிந்த கணக்கு. பின்னலாடைத் துணி மீட்டரில் அல்லாமல் எடையில் விற்கப்படுகிறது. ஆடைக்கோ வெளிநாட்டுக் கொள்முதலாளரோடு பீஸுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே விலை பேசப்படுகிறது. ஒரு சதுர மீட்டர் துணியின் எடையைக் கிராமில் குறிக்கும் ஜி.எஸ்.எம். அளவு 180 என்று பேசப்பட்டிருக்க, துணி 190-ஆக வந்துவிட்டால், அதே எண்ணிக்கையிலான ஆடைகளுக்கு நூற்றுக்கு ஐந்துக்கும் மேல் துணி கூடுதலாகச் செலவாகி, எதிர்பார்த்த ஆதாயத்தின் பெரும்பகுதி வெட்டும் மேசைக்கு வரும் முன்பே கரைந்துபோகும். துணியைத் தொட்டுப் பார்த்தே இதை ஐயுறத் தெரிந்தவருக்கு, துணிவு என்பது கண்ணை மூடிக்கொண்டு குதிப்பதாக இருப்பதில்லை.

ஷரத் சாரி என்ற ஆய்வாளர் ‘ஃப்ரட்டர்னல் கேப்பிட்டல்’ (2004) என்ற நூலில், உழவர் பின்னணியிலிருந்து வந்த இம்முதலாளிகள் தம் ஏற்றத்துக்குக் காரணமாக ‘உழைப்பு’ என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னதை விரிவாக ஆராய்கிறார். அச்சொல்லில் உண்மை உண்டு, மறைப்பும் உண்டு: அதே இயந்திரங்களில் உழைத்த பெண்களும் தலித் தொழிலாளர்களும் அதே விகிதத்தில் முதலாளிகளாகவில்லை, 1984-ஆம் ஆண்டு பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, தாமே தொழிலாளராக இருந்து உயர்ந்தவர்களும் எதிர்ப்பக்கத்தில்தான் நின்றார்கள்.

உழைப்போடு சேர வேண்டிய மற்றொன்றைத் தமிழ் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. நாணயம் என்பது காசு. சொன்ன சொல் தவறாமையும் அதுவே. சரக்கு கப்பலேறிப் பணம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும் தொழிலில் நூல் கடனுக்கு வர வேண்டும், ஜாப் ஒர்க் கூலி காத்திருக்க வேண்டும். ஆகவே குறித்த நாளில் பணம் தருபவர் என்ற பெயரே நடைமுறையில் மூலதனமாகிறது. அந்தப் பெயர் ஒருவர் தாமாக ஈட்டுவது மட்டுமன்று, பங்காளிகளும் சம்பந்திகளும் அதற்குப் பிணை நிற்கிறார்கள்.

2019-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவரான அபிஜித் பானர்ஜியும், கைவன் முன்ஷியும் திருப்பூர் ஆடை நிறுவனங்களைப் பற்றி 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. உள்ளூரில் உறவு வலிமை மிக்க கவுண்டர் சமூகத்தினர், வெளியிலிருந்து வந்தவர்களைவிடக் கணிசமாகக் கூடுதலான மூலதனத்தோடு தொடங்குவதையும், சிறிதாகத் தொடங்கும் வெளியாரோ வேகமாக வளர்ந்து சில ஆண்டுகளில் உற்பத்தியில் அவர்களை முந்திவிடுவதையும், அப்போதும் வெளியாரிடம் மூலதனம் குறைவாகவே இருப்பதையும் அவர்கள் கண்டனர். உறவு கதவைத் திறக்கிறது, திறமை உள்ளே நடத்திச் செல்கிறது என்று இதைப் படிக்கலாம். ஆனால் கதவே திறக்காமல் நின்றுபோன திறமைகள் எந்த ஆய்வின் அட்டவணையிலும் இடம்பெறுவதில்லை என்பதால், வென்றவர்களின் குணங்களை மட்டும் எண்ணிப் பட்டியலிடும் தன்முன்னேற்ற நூல்களைச் சற்று ஐயத்தோடு அணுகுவதே முறை.

பைசா வரை கூலியை எண்ணிய அதே மனம் ஒரு செலவை நெடுங்காலம் ஏட்டில் ஏற்றவில்லை. சாயக்கழிவு கலந்து நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டன. கீழ்ப்பகுதி உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது எழுநூறுக்கும் மேற்பட்டவை நின்றன. மீண்டும் திறந்தவை, கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறைக்கு மாற வேண்டியதாயிற்று. முன்பு நொய்யல் கூலியின்றிச் சுமந்த அந்தச் செலவு, இன்று கிலோவுக்கு இவ்வளவு என்று சாயக்கூலியில் ஏறியிருக்கிறது.