அச்சு விடும் நொடி

அச்சு முறுக்கு சுடும்போது மாவு அச்சை இறுகப் பற்ற வேண்டும். கொஞ்ச நேரத்தில் அதே மாவு அச்சைத் தானாகவே விட்டுவிடவும் வேண்டும். பற்றாவிட்டால் பூ வடிவ முறுக்கு கிடையாது. விடாவிட்டாலும் பூ கிடையாது. நேர் எதிரான இந்த இரண்டு வேலைகளையும் செய்து முடிப்பது சூடு ஒன்றுதான்.

டிசம்பர் பிறந்துவிட்டால் நாகர்கோவில், தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பரணிலிருந்து அச்சு இறங்கிவிடும். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு இதுவே ரோஸ் குக்கி, கேரளத்தில் அச்சப்பம். இலங்கையில் கொக்கிஸ் என்று சித்திரைப் புத்தாண்டுக்குச் சுடுகிறார்கள். ஸ்வீடனிலும் நார்வேயிலும்கூட இதே மாதிரி அச்சில் கிறிஸ்துமஸ் பலகாரம் உண்டு. அங்கே கோதுமை மாவும் பசும்பாலும். இங்கே பச்சரிசி மாவும் தேங்காய்ப்பாலும்.

அந்த அரிசியில்தான் முதல் சூட்சுமம். கோதுமை மாவில் தண்ணீர் பட்டதும் குளூட்டன் என்ற புரத வலை உருவாகிறது. சப்பாத்தி மாவு இழுபடுவது அதனால்தான். அரிசியில் அந்த வலை இல்லை. ஆகவே முறுக்கு சவசவக்காமல் மளுக்கென்று உடைகிறது. வலை இல்லாத மாவைக் கட்டிப்பிடிப்பது முட்டை. சூடு பட்டதும் அதன் புரதங்கள் சுருள் பிரிந்து, ஒன்றோடொன்று பின்னி இறுகுகின்றன. முட்டை சேர்க்காத வீடுகளில் ஒரு கை மைதா போடுவதும் அந்தப் பிடிப்புக்காகத்தான்.

அரிசியை ஊறவைத்து, துணியில் பரப்பி உலர்த்தி அரைப்பதையும் வெறும் வழக்கம் என்று தள்ளிவிட முடியாது. காய்ந்த அரிசியை அப்படியே அரைத்தால் மாவுச்சத்துத் துகள்கள் நொறுங்கிச் சிதைகின்றன. சிதைந்த துகள் தண்ணீரைக் கண்டபடி குடிக்கும். கரைசலின் பதம் கைக்கு அடங்காது. ஊறிய அரிசி இளகி அரைபடுவதால் பெரும்பாலான துகள்கள் முழுசாகத் தப்பிவிடுகின்றன.

இனி மாவு அச்சைப் பற்றும் நொடிக்கு வருவோம். எண்ணெயில் கிடந்த அச்சு ஏறக்குறைய 175 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கிறது. உதறிவிட்டு மாவில் முக்குகிறோம். 'சொய்' என்று ஒரு சத்தம். உலோகத்தைத் தொட்ட மெல்லிய படலம் மட்டும் அக்கணமே வெந்துவிடுகிறது. முட்டை வெள்ளைக்கரு 62 டிகிரியை ஒட்டி இறுகத் தொடங்கும். அரிசி மாவுச்சத்து 65 முதல் 80 டிகிரிக்குள் நீரை உறிஞ்சி, வீங்கி, பசையாகும். பசையாக்கம் என்று இதற்குப் பெயர். அடுப்பில் கஞ்சி கெட்டிப்படுவதும் இதே வினைதான். இரண்டும் சேர்ந்து உலோகத்தைப் பிடித்துக்கொள்ள, வெந்த அடுக்கின் மேல் வேகாத மாவு ஒட்டிக்கொண்டு எழும்பி வருகிறது.

இதற்கான சூட்டின் வரம்பு மிகக் குறுகியது. சூடு போதாவிட்டால் படலம் வேகாது, மாவு வழிந்துவிடும். சூடு மீறினால் மாவிலுள்ள நீர் ஒரேயடியாக ஆவியாகி, உலோகத்துக்கும் மாவுக்கும் நடுவே புகுந்து மாவைத் தள்ளிவிடும். வெப்பமானியே இல்லாமல் அந்த 'சொய்' சத்தத்தைக் கேட்டு, "அச்சு இன்னும் காயலை, வை" என்று சொல்லும் பெரியம்மாக்களின் காது எனக்கு எப்போதும் அதிசயம்தான். முக்குவதிலும் கணக்கு உண்டு: முக்கால் பாகம்தான் முங்கலாம். மேல் விளிம்பைத் தாண்டி மாவு ஏறினால் அச்சை மூடிப் பூட்டிக்கொள்ளும். பிறகு கத்தியால் சுரண்ட வேண்டியதுதான்.

மாவோடு அச்சு எண்ணெயில் இறங்கியதும் குமிழிகள் பொங்குகின்றன. நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு விரிகிறது. ஒரு தேக்கரண்டித் தண்ணீர் 8 லிட்டருக்கும் மேற்பட்ட நீராவியாக மாறும். ஒரு சின்ன வாளியே நிறைந்துவிடும். சோடா உப்போ ஈஸ்டோ இல்லாமல் முறுக்குக்குள் நுண்துளைகளைத் திறப்பது இந்த விரிவுதான். அச்சை ஒட்டிய பக்கத்திலும் ஆவி சேர்ந்து பிடியைத் தளர்த்துகிறது. ஈரம் இழந்த மாவு விறைக்கிறது. லேசாக ஆட்டினால் போதும், பூ கழன்று மிதக்கிறது.

புது அச்சு இவ்வளவு எளிதில் விடாது. கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெயில் போட்டு, காய்ச்சிக் காய்ச்சிப் பழக்குவார்கள். இரும்பு அச்சில், சூட்டில் எண்ணெய் மூலக்கூறுகள் ஆக்சிஜனின் துணையோடு ஒன்றுடன் ஒன்று கோத்துக்கொண்டு, உலோகத்தின் நுண்பள்ளங்களை நிரப்பும் வழவழப்பான படலமாகின்றன. மூலக்கூறுகள் இப்படிக் கோத்துக்கொள்வது பல்லுறுப்பாதல். தோசைக்கல் பழகுவதும் இப்படியே. கிறிஸ்துமஸ் வாரத்தில் பழகிய அச்சை இரவல் கேட்டு வீட்டுக்கு வீடு ஆள் அனுப்புவது முழுக்க நியாயமான காரியம்.

ஒரு பூ விழுந்ததும் அச்சை மறுபடி எண்ணெயில் காயவிடுவதற்குக் காரணம், ஆவி விழுங்கும் வெப்பம். 30 டிகிரித் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப் போல் 7 மடங்குக்கும் மேல், கொதிக்கும் அந்த நீரை ஆவியாக்கத் தேவை. அத்தனையும் எண்ணெயிலிருந்தும் அச்சிலிருந்தும்தான் போகிறது. நீர் தீரும்வரை முறுக்கின் உள்பகுதி 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். சலசலப்பு அடங்கினால் நீர் வற்றிவிட்டது என்று பொருள். இதற்குள் மேற்பரப்பு 140 டிகிரியைக் கடந்து, சர்க்கரையும் புரதமும் வினைபுரிந்து பொன்னிறமும் மணமும் தருகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மெயிலார்ட் 1912இல் விவரித்த வினை இது.

முறுக்கு எண்ணெய் குடிப்பது வாணலியில்தான் என்று நினைப்போம். உண்மையில் பெரும்பகுதி வெளியே எடுத்த பிறகுதான் உள்ளே போகிறது. பொரியும்போது வெளியேறும் ஆவி எண்ணெயை அண்ட விடுவதில்லை. எடுத்ததும் துளைகளில் எஞ்சிய ஆவி குளிர்ந்து நீராகி, உள்ளே அழுத்தம் குறைகிறது. மேலே படிந்திருக்கும் எண்ணெய் உறிஞ்சப்படுகிறது. ஆகவே சூடு ஆறுமுன் எண்ணெயை நன்றாக வடித்துவிட வேண்டும்.

வாணலியிலிருந்து எடுத்த முறுக்கைத் தொட்டால் வளையும். வேகவில்லை என்று மறுபடி எண்ணெயில் போட வேண்டாம். ஆறும்போது சர்க்கரையும் மாவுச்சத்தும் படிகமாக ஒழுங்குபடாமல், இருந்தபடியே உறைகின்றன. இது கண்ணாடிநிலை. ஜன்னல் கண்ணாடியின் மூலக்கூறுகளும் இப்படித்தான் உறைந்திருக்கின்றன. மொறுமொறுப்பு அந்த நிலையின் குணம்.

இந்த நிலைக்குப் பகை ஈரம். நீர் மூலக்கூறுகள் உள்ளே நுழைந்தால் உறைந்தவை நகரத் தொடங்கி, முறுக்கு நமுத்துப்போகும். வடகிழக்குப் பருவமழை ஓயாத டிசம்பரில் காற்றுப் புகாத டப்பா கட்டாயம். சூடாகவே டப்பாவில் அடைத்தால் உள்ளிருக்கும் ஆவியே அதை நமுக்க வைத்துவிடும். நமுத்ததைத் தூக்கி எறியத் தேவையில்லை. மிதமான சூட்டில் சில நிமிடம் காயவைத்து ஆறவிட்டால், ஈரம் வெளியேறி மொறுமொறுப்பு திரும்பிவிடும்.